மினிமலில் போன பேர்

இன்டர்நெட்டில் நான் எழுதுகிற என் பிளாக்கில், திரையின் மேலிருந்து பூ உதிர்கிற மாதிரி நானே வைத்து, என் கட்டுரையை என்னாலேயே படிக்க முடியாமல் செய்துகொண்ட அறிவாளி நான். அதனால்தான் ராயக்கோட்டை பஸ்ஸில், முன் சீட்டில் கம்பெனி யூனிஃபார்மில் இருந்த பெண், பக்கத்தில் இருந்தவரிடம் போனை நீட்டிக் கத்தியதும் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"ஏன்டா சதீசு, பிளாக்க மினிமலா பண்ணுன்னா என் பேரையே எடுத்துட்டியா?"

"எழுத்து மட்டும் இருந்தாத்தான் நீட்டா இருக்கும்க்கா."

"போட்டோவ எடுத்த, மெனுவ எடுத்த, நான் ஏதாச்சும் கேட்டனா? கம்பெனி லைன்ல நின்னு வேல பாக்கற பொம்பளைங்க படற பாட்ட எழுதியிருக்கறேன். யாரு எழுதுனதுன்னு எச்ஆர் கேட்டப்பவே நான்தான்னு சொன்னவ நானு!"

"படிக்கறவங்களுக்குத் தெரியும்க்கா."

"அப்ப அடியில 'டிசைன்: சதீஷ்'னு கெடக்குதே, அத எதுக்கு வுட்டு வெச்ச?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"வெளிய என்னடா பாக்கற? எறங்கறதுக்குள்ள என் பேரப் போடு!"

வீட்டுக்கு வந்ததும், என் பிளாக்கிலும் பூவை எடுத்துவிடப் போவதாக மனைவியிடம் சொன்னேன்.

"பூ இருக்கட்டும். நீங்க எழுதறத எடுங்க" என்றாள்.