மறுபாதி சொல்ல ஆளில்லாத வீடு

அலை ஓயாத இந்தக் கரையிலே, அன்பால் கூடியிருக்கும் இந்த அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே! பழுத்த அனுபவமும் பதமான சொல்லும் கொண்ட பங்குப் பேரவைப் பெரியவர்களே! பந்தலுக்கெல்லாம் விளக்குப் போட்டுத் தந்துவிட்டு, நாற்காலி கொடுத்தும் உட்காராமல் ஓரமாக நிற்கும் குலாம் ரசூல் பாய் அவர்களே! மீன்கூடையை இறக்கி வைத்த கையோடு முகம் கழுவி, பூ முடித்து, முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட என் தாய்மார்களே! பின்வரிசையில் கைப்பேசியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும் எதிர்காலமே! உங்கள் எல்லாருக்கும் என் பணிவான வணக்கம்.

"குடும்பத்தில் செபத்தின் வல்லமை" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்தார்கள். சுருக்கமாகப் பேசுங்கள் என்று ஃபாதர் காதோடு சொன்னார். ஒலிபெருக்கி கையில் கிடைத்த ஒரு பெண்ணிடம் சொல்லுகிற வார்த்தையா அது, ஃபாதர்? சிரிக்கிறார், பாருங்கள். சிரிக்கட்டும். இன்னும் கொஞ்ச நேரத்தில் யாரும் சிரிக்கப் போவதில்லை.

செபத்துக்கு வல்லமை உண்டு என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டுமா? கடலுக்குப் போனவன் கரைக்கு வரும்வரை செபிக்கிற குடும்பங்கள் நீங்கள். ஆனால் அந்த வல்லமைக்கு என்றைக்காவது பயந்திருக்கிறீர்களா? வாயிலிருந்து போன வார்த்தை எங்கே போய் விழும், எவன் கையைத் தொடும், எவன் கையைத் தளர்த்தும் என்று ஒரு நாளாவது நடுங்கியிருக்கிறீர்களா? நான் நடுங்கியிருக்கிறேன். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

அடையாற்று முகத்துவாரத்துக்கு இந்தப் பக்கம் உள்ள குப்பத்தில் ராபர்ட், ரோஸி என்று ஒரு கணவன் மனைவி. கல்யாணமான நாளிலிருந்து அவர்களுக்குள் ஒரு வழக்கம். கோயில் மாலை மணி அடித்ததும் ரோஸி வீட்டில் செபமாலை எடுப்பாள். 'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்கும் மங்கள வார்த்தையின் முதற்பாதியை அவள் சொல்வாள். மறுபாதியைச் சொல்ல வேண்டியவன் கடலில் இருப்பான். அவன் அங்கே, படகை நிறுத்திவிட்டு, மறுபாதியை மட்டும் சொல்வான். வீட்டில் இவள் பாதி, நீரில் அவன் பாதி. நடுவில் எத்தனை தூரம் இருந்தால் என்ன? சேர்ந்தால் ஒரு செபம்.

வெளியே நின்று கேட்பவருக்கு எப்படி இருக்கும், எண்ணிப் பாருங்கள். ஒரு பெண் பாதி செபம் சொல்கிறாள். நிறுத்துகிறாள். ஒருவர் பதில் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் மௌனம். பிறகு அடுத்தது. அந்தத் தெருப் பிள்ளைகள் அந்த மௌனத்துக்குப் பயந்து, அந்த நேரத்தில் அந்த வாசலில் விளையாடுவதில்லை.

ராபர்ட்டின் படகில் கூட வேலை செய்தவர் கோபால். முண்டகக்கண்ணி அம்மனைக் கும்பிடுகிறவர். நம் செபம் எதுவும் தெரியாது. ஒரு ஐப்பசி மாதம், நமக்குச் செபமாலை மாதம், காற்று திரும்பிய ஒரு விடியலில் இருவரும் போன படகு கவிழ்ந்தது. கோபாலை வேறொரு படகு தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தது. கரையில் விழுந்து அவர் அழுத அழுகை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "அல அவன அப்டியே வாரிக்கினு போச்சு. கண்ணால பாத்தேன். கைய நீட்னேன், எட்டல" என்று மணலை அடித்து அடித்து அழுதார்.

குப்பத்துப் படகுகளெல்லாம் தேடப் போயின. அன்று இல்லை, மறுநாளும் இல்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. ஆனால் மாலை மணி அடித்ததும் ரோஸி செபமாலை எடுத்தாள். பாதி சொன்னாள். நிறுத்தினாள். காத்திருந்தாள். அடுத்ததைச் சொன்னாள்.

தேசம்மா போய்த் தோளைப் பிடித்தார். குப்பத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியத்தை நடத்துகிறவர், நல்ல மனுஷி. "ரோஸி, மனச தேத்திக்கமா. எவ்ளோ நாளு இப்டி காத்துக்கினு இருப்ப?"

ரோஸி திரும்பிப் பார்த்து என்ன சொன்னாள் தெரியுமா? "செத்த நேரம் பேசாம இரு தேசம்மாக்கா. அவரு பாதிய அவரு சொல்லிக்கினு கீறாரு. நீ பேசுனா எனக்கு கேக்கல."

"உச்" கொட்டுகிறீர்கள். புத்தி பேதலித்துவிட்டது என்றுதானே நினைக்கிறீர்கள்? அந்தக் குப்பமும் அப்படித்தான் நினைத்தது. அன்று மாலை கோபால் அவள் வாசலுக்கு வரும்வரை! நண்பன் வீட்டுக்குள் போக முகமில்லாமல் வெளியே குந்தியிருந்த மனிதர் திடீரென்று எழுந்து, கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "அண்ணி, உள்ள யாரு ஆம்பள குரலு?"

உள்ளே ரோஸி மட்டும்தான் இருந்தாள்.

என்ன தம்பி, பின்னால் அந்த நீலச்சட்டை, சிரிப்பு வருகிறதா? வரட்டும். உன் வயதில் எனக்கும் வந்திருக்கும். கொஞ்சம் பொறு ராசா.

இப்போது ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். அந்தக் குப்பத்தில் ஒரு முறை உண்டு. கடலில் போனவனுக்காக இளைப்பாற்றிச் செபம், அதாவது இறந்தவர்களுக்கான செபம், சொல்லிவிட்டால் தேடல் முடிந்தது என்று பொருள். மறுநாளிலிருந்து படகுகள் மீனுக்குப் போகும். அதுவரை யாரும் வலை எடுக்க மாட்டார்கள். எத்தனை அடுப்பு எரியாமல் கிடந்தது! பிள்ளைகள் பசியோடு படுத்தன. கோபால் கேட்ட குரலை நம்புவதா, பசித்த வயிற்றைப் பார்ப்பதா? தேசம்மா என்ன செய்வார்? அவரைக் குற்றம் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. செபமாலை மாதத்தில் வீடு வீடாகப் போகும் மாதா சுரூபம் ரோஸி வீட்டுக்கு வரும் நாளில், செபமாலை முடிந்ததும், அவளிடம் சொல்லாமலே அந்தச் செபத்தைத் தொடங்கிவிடுவது என்று முடிவு செய்தார். மனம் நிறைய இரக்கத்தோடு செய்த முடிவு அது, அம்மா! இரக்கத்தோடு செய்த தவறு!

நான் அபிராமபுரத்துக்காரி, பள்ளிக்கூட டீச்சர். எங்கள் தெருவில் சுற்றி முடித்த சுரூபத்தை அன்று ரோஸி வீட்டுக்குச் சுமந்து போனவள் நான்தான். சின்ன அறை. கொள்ளாத கூட்டம். செபமாலை நல்லபடியாக முடிந்தது. எழுந்திருக்கப் போனோம். தேசம்மா கண்ணை மூடிக்கொண்டு இளைப்பாற்றியைத் தொடங்கினார். தொடங்கினால் பதில் வந்துவிடுமே! பழகிய வாய்களல்லவா? அறை முழுவதும் ஒரே குரலில், "இளைப்பாறட்டும்" என்று பதில் சொல்லிவிட்டது.

அந்த நொடியில் கடல் சத்தம் நின்றது.

பிறந்ததிலிருந்து கடல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்குகிறவர்கள் நீங்கள். அது நின்றால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. தெரியவே வேண்டாம். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். வாசலிலிருந்து கோபாலின் கூச்சல்: "நிறுத்துங்கம்மா! நிறுத்துங்க! அவன் கைய வுட்றான்!"

ரோஸி எழுந்தாள். அழவில்லை, தேசம்மாவைத் திட்டவில்லை. சுரூபத்துக்கு முன்னால் நின்று முதற்பாதியைச் சொன்னாள். நிறுத்தினாள். மௌனம். இந்த முறை அந்த மௌனம் வெறும் மௌனமாக இருந்தது. அவள் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். "கேக்கல… கேக்கலயே" என்றாள். மறுபடியும் முதற்பாதியைச் சொன்னாள். கூடியிருந்த எங்களுக்கோ பயத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஞானஸ்நானம் வாங்கிய ஒருவர் வாயிலிருந்தும் பதில் வரவில்லை!

பதில் வாசலிலிருந்து வந்தது. தட்டுத் தடுமாறி, வார்த்தைகளைப் பாதி விழுங்கி, அழுதுகொண்டே, கோபால் மறுபாதியைச் சொன்னார்! எங்கே கற்றார்? படகில்! ஆண்டுக்கணக்கில் ராபர்ட் சொல்லக் கேட்டுக் கேட்டுக் கற்றது. முதற்பாதி அவருக்குத் தெரியவே தெரியாது. மறுபாதி மட்டும் தெரியும். ரோஸி மறுபடி சொன்னாள், கோபால் மறுபடி பதில் சொன்னார். பிறகுதான் எங்களுக்கு நாக்கு வந்தது. ஒருவர் சேர்ந்தார், இன்னொருவர் சேர்ந்தார், தேசம்மா தலையில் அடித்துக்கொண்டு சேர்ந்தார். எப்போது என்று தெரியாது, கடல் சத்தமும் திரும்பிவிட்டிருந்தது. மறுநாள் விடியலில் படகுகள் வலை இல்லாமல், தேடத்தான் போயின.

குப்பத்துப் படகுகளுக்கு ராபர்ட் அகப்படவில்லை. வடக்கிலிருந்து இழுத்த தண்ணீர் அவனை வெகுதூரம் தெற்கே கொண்டுபோயிருந்தது. அங்கே ஒரு விசைப்படகு அவனைத் தூக்கிக் கரை சேர்த்தது. அதே விடியலில்! ஆமாம் அம்மா, கைதட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள். ஆனால் கைதட்டி முடித்துவிட்டு, அவன் படுக்கையில் கிடந்து சொன்னதைக் கேளுங்கள்.

"கவுந்த படகு மேல கயித்த கையில சுத்திக்கினு கெடந்தேன். சாயங்காலமானா ரோஸி குரலு தண்ணிக்கு அடியிலேர்ந்து வரும். நான் என் பாதி சொல்வேன். ஒரு நாளு நெறைய பேரு குரலு வந்துச்சு. இளைப்பாறுன்னாங்க. இன்னா சுகமா இருந்துச்சு தெரியுமா! பசி போச்சு, குளிரு போச்சு. சரி, நம்ம ஜனமே சொல்லிட்டாங்க, போய்டலாம்னு கயித்த அவுத்துட்டேன்."

சுகமாக இருந்ததாம். கேட்டீர்களா? நம் செபம் அவனுக்கு அத்தனை சுகமாக இருந்ததாம்! இதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

"அப்பதான் எவனோ என் பாதிய சொல்றான். தப்புத் தப்பா சொல்றான். பாத்தா கோவாலு குரலு. எனக்கு வந்துச்சே ஒரு கோவம்! டேய், எம் பொண்டாட்டி சொல்றதுக்கு நீ யார்ரா பதில் சொல்றதுன்னு கத்திக்கினே கயித்த திரும்பப் புடிச்சேன்."

சிரியுங்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன்.

இப்போது உங்களைக் கேட்கிறேன். குடியில் விழுந்த மகனுக்கு, "அவன் எங்களுக்குச் செத்தாச்சு" என்று எந்த வீட்டில் இளைப்பாற்றி சொன்னீர்கள்? விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்ட மகளுக்கு எந்த வீட்டில் சொன்னீர்கள்? அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனையில் படுத்திருக்கிற தங்கைக்கு, மருத்துவர் வாய் திறக்கும் முன்பே, மனதுக்குள் யார் சொன்னீர்கள்? அவர்கள் அங்கே கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார்கள். யார் குரலைக் கேட்டு? உங்கள் குரலைக் கேட்டு! கோபால் என்கிற அந்த மனிதருக்கு இருந்த பதைப்பு நமக்கு வேண்டாமா?

ராபர்ட் மறுபடி கடலுக்குப் போகிறான், கோபாலோடுதான். இன்றும் கடலில்தான் இருக்கிறார்கள், அதனால்தான் கூட்டத்தில் காணோம். போன வாரம் அவனிடம் பேசியபோது ஒன்று சொன்னான். சொல்லலாமா வேண்டாமா என்று மேடை ஏறும்வரை யோசித்தேன். சொல்லிவிடுகிறேன்.

"இப்பல்லாம் எஞ்சின நிறுத்துனா ரோஸி குரலு மட்டும் வர்ல டீச்சர். வேற வேற பொம்பளைங்க. யாருன்னே தெரியல. ஒவ்வொருத்தியும் பாதி சொல்லிட்டு நிறுத்திட்டு காத்துக்கினு கீறா. அந்தப் பக்கம் எவனும் பதில் சொல்ல மாட்டேன்றான். மனசு கேக்கல. அதான் நானும் கோவாலும் அவங்களுக்கும் சேத்து சொல்லிக்கினு கீறோம்."

அந்தப் பெண்கள் யார்? இறந்தவர்களா, இருப்பவர்களா? எந்த ஊர், எந்தத் தெரு? எனக்குத் தெரியாது. ஆனால் அதில் ஒரு குரல் உங்கள் அம்மாவின் குரலாக இருந்தால் என்ன செய்வீர்கள்? நீங்கள் வாய் திறக்காததால், உங்களுக்குரிய மறுபாதியை முன்பின் தெரியாத இரண்டு பேர் நடுக்கடலில் சொல்லிக்கொண்டிருந்தால்?

மேடை தந்த பங்குத்தந்தைக்கும், பொறுமை காத்த பெரியவர்களுக்கும், கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் என் தாய்மார்களுக்கும், கைப்பேசியைக் கீழே வைத்துவிட்ட பின்வரிசைக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. நான் இறங்கியதும் ஒலிபெருக்கியை அணைத்துவிடச் சொல்லியிருக்கிறேன். மாலை மணி அடிக்கப் போகிறது. யாரும் பேசாதீர்கள், கொஞ்ச நேரம் கடலைக் கேளுங்கள். உங்களுக்குத் தெரிந்த குரலாக இருந்தால், பதில் சொல்லுங்கள். வணக்கம்.