நகம் இறங்காத டயர்

டயர் வாங்கப் போகிற யாரும் அதை நகத்தால் அழுத்திப் பார்ப்பதில்லை. தரையில் படுகிற பட்டன் தேயாமல் இருக்கிறதா, மேலே பளபளவென்று இருக்கிறதா, அவ்வளவுதான். நல்ல ரப்பரில் நகம் கொஞ்சமாவது இறங்கும். வருஷக்கணக்கில் ஓடாமல் கிடந்த டயரில் இறங்காது, நகம்தான் வலிக்கும். தொழில் தெரிந்தவன் முதலில் பார்ப்பது அதைத்தான். உங்கள் ஆட்கள் பார்க்கவில்லை.

அதனால் நானே ஸ்டேஷனுக்கு வந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. உங்கள் அறிக்கையை நேற்று வாசிக்கக் கொடுத்தார்கள். என் மாப்பிள்ளை இறந்ததற்குக் காரணம், ‘பழைய வாகனம், பராமரிப்புக் குறைவு’ என்று அதில் இருந்தது. அந்த வரி சரியில்லை ஐயா. இந்த ஊரில் அந்தக் காரைப் போலக் கண்ணும் கருத்துமாக வைத்திருந்த கார் வேறு கிடையாது. அந்த வரியை அடித்துவிட்டு நான் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். அவசரமில்லை, மெதுவாகவே சொல்கிறேன்.

மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். புதுக் கார் ஷோரூமில் விற்பனை பார்த்தவர். நான் பழைய ஜப்பான் கார்களுக்கு மட்டும் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். அவர் விற்பது நாளைக்கு வரும் கார், நான் பழுதுபார்ப்பது நேற்றைய கார். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் இதே பேச்சுதான். பழைய ஜப்பான் காரில் இன்றைக்கும் கிக் இருக்கிறதா, புதுசின் முன்னால் அது வெறும் பேச்சா என்று வாய் ஓயாமல் பேசுவோம். தங்கை தலையில் அடித்துக்கொண்டு எழுந்து போவாள். அவர் நல்ல மனிதர். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் கார் இரண்டு கதவு வண்டி. டர்போ உண்டு, பின்சக்கரம்தான் தள்ளும். இளவட்டமாக இருந்தபோது வாங்கினேன். நான் கல்யாணம் செய்துகொள்ளாததற்கு அந்தக் கார்தான் காரணம் என்று தங்கை கேலி செய்வாள். அந்தக் கால டர்போ ஒரு மாதிரியானது. மிதித்தவுடன் ஒன்றும் நடக்காது. ‘இவ்வளவுதானா’ என்று நினைத்து வாயை மூடுவதற்குள் எல்லாம் சேர்ந்து ஒரேயடியாக முதுகில் வந்து விழும். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் நடக்கும். முதலில் ஒரு அலறல் வரும். அந்த அலறல் பாதியிலேயே சிரிப்பாக மாறும். இறங்கும்போது முகம் வெளுத்திருக்கும், ஆனால் சிரித்துக்கொண்டே இறங்குவார்கள். நான் அந்தக் காரை வைத்திருந்ததே அந்தச் சிரிப்பைக் கேட்பதற்காகத்தான்.

போன மாதம் மாப்பிள்ளையிடம் சாவியைக் கொடுத்தேன். அணைக்கட்டுச் சாலையில் ஓட்டினார், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வளைவுக்கு வளைவு அவர் செய்ததைக் கவனித்தேன். வேகம் கொஞ்சம் கூடியது போலத் தெரிந்தால் சட்டென்று காலை எடுத்துவிடுகிறார். புதுக் கார்கள் கொடுத்த பழக்கம் அது. அவற்றில் காலை எடுத்தாலும் அழுத்தினாலும் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். என் காரில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்வதற்கு ஒன்றுமில்லை. வளைவின் நடுவில் காலை எடுத்தால் பின்பக்கம் முன்னால் வரப் பார்க்கும். அன்றைக்கு நல்ல டயர் போட்டிருந்தேன், தரை காய்ந்திருந்தது, டர்போவின் அழுத்தத்தையும் குறைத்து வைத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை.

வண்டியை நிறுத்தினார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கொட்டாவி விட்டார்.

“கோவிச்சுக்காதீங்க மச்சான். நல்லா சொகுசாத்தான் இருக்கு. எங்கப்பாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு ஏத்த வண்டி.”

நான் கோபித்துக்கொள்ளவில்லை. “அப்ப உங்க வண்டியக் குடுங்க, பாப்போம்” என்றேன். அவருடையது பேட்டரி கார், ஷோரூமில் அவருக்கே கொடுத்தது. சத்தமே இல்லை. காலை வைத்தேன், வயிறு முதுகோடு ஒட்டிக்கொண்டது. கையெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. என்னையறியாமல் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்ததாக அவர் சொன்னார். இறங்கி, “வாஷிங் மெஷின் ஓட்டுன மாதிரி இருக்கு மாப்பிள்ளை” என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். அன்று சாயங்காலம் என் காரை எடுத்துக்கொண்டு அதே சாலையில் தனியாகப் போனேன். முழுக்க மிதித்தேன். டர்போ வந்தது, சத்தம் வந்தது, வேறொன்றும் வரவில்லை. வெறும் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. கடையை அடைத்த பிறகு ஆளில்லாத கடையில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. உண்மையில் அந்தக் கிக் போய் ரொம்ப நாளாகியிருக்க வேண்டும், நான்தான் தினமும் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஓரமாக நிறுத்தி அழுதேன். எனக்குப் போய்விட்டது என்றால் அது என் வயசுக் கோளாறாக இருக்கலாம். காரில் இன்னும் இருக்கிறதா என்று இன்னொருவர் முகத்தில்தான் பார்க்க முடியும்.

ஒர்க்‌ஷாப் பரணில் பழைய டயர்கள் ஒரு செட் கிடந்தன. கார் கம்பெனியிலிருந்து வந்தபோது அதிலேயே இருந்தவை, ஞாபகத்துக்காக வைத்திருந்தேன். பட்டன் அப்படியே ஆழமாக இருந்தது. துடைத்து பாலிஷ் போட்டதும் புதுசு போல ஆயிற்று. நகத்தால் அழுத்தினேன். இறங்கவில்லை. மாட்டினேன். டர்போவின் அழுத்தத்தையும் ஏற்றினேன். கார் பிறந்தபோது இருந்த நிலைக்கு அதைத் திருப்பிக் கொண்டுபோகிறேன் என்றுதான் அப்போது எனக்குள் சொல்லிக்கொண்டேன். பிறந்தபோது அந்த ரப்பர் மெத்தென்று இருந்தது என்பதும் எனக்குத் தெரியும். பிறகு மழைக்காகக் காத்திருந்தேன்.

மாப்பிள்ளைக்கு வீடியோ போடும் பழக்கம் உண்டு. ‘பழசா புதுசா’ என்று ஒன்று எடுத்துப் போடலாம், கஸ்டமர்கள் பார்ப்பார்கள் என்றேன். சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் வந்தார். போனை ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டினார். டயரைச் சுற்றி வந்து பார்த்து, “புதுசு போட்டுட்டீங்களா, எனக்காகவா?” என்றார். ஆமாம் என்றேன்.

அப்போது அவருடைய காரின் இன்னொரு கதவு திறந்து தங்கை இறங்கினாள். அவள் வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை, சத்தியமாக.

“நானும் வரேண்ணா. உன் வண்டியில ஏறி எத்தன வருஷமாச்சு. சின்ன வயசுல இதுக்கடியில எவ்வளவு டார்ச் புடிச்சிருப்பேன்.”

ஏதாவது சொல்லியிருக்கலாம். பேட்டரி இறங்கிவிட்டது என்று சொன்னால் போதும், அவர்கள் தலையாட்டிவிட்டு உள்ளே வந்து காபி குடித்திருப்பார்கள். அதை நான் யோசிக்காமல் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் என் கவலை வேறாக இருந்தது. இவள் பக்கத்தில் உட்கார்ந்தால் அவர் மெதுவாக ஓட்டிவிடுவாரே என்பதுதான் அது. அவளுக்கு நானே பெல்ட்டை இழுத்து மாட்டினேன். இடுப்புப் பக்கம் முறுக்கியிருந்தது, நேராக்கினேன். பிறகு போனைப் பார்த்துக் குனிந்து, “பொண்டாட்டி பக்கத்துல இருந்தா மாப்பிள்ளை மாட்டுவண்டி வேகத்துக்கு மேல போக மாட்டார், பாருங்க” என்றேன். மூன்று பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு உங்களிடம் இருக்கும் பதிவின் தொடக்கத்திலேயே இருக்கிறது.

அவருடைய காரை நான் ஓட்டிக்கொண்டு முன்னால் போனேன். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் போயிற்று. அணைக்கட்டின் பெரிய வளைவைத் தாண்டி வண்டிகள் நிற்கிற இடத்தில் இறங்கி நின்றேன். அவர்கள் இறங்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். வேறு எண்ணமே இல்லை. கொல்ல வேண்டும் என்று நினைத்தாயா என்று நீங்கள் கேட்பீர்கள். பின்பக்கம் சுழலும் என்று தெரியும். அந்த வளைவில் சுழன்றால் எங்கே போகும் என்றும் தெரியும், வெளிப்பக்கம் வெறும் கம்பிவேலி, அதற்கப்பால் பள்ளம்தான். தெரிந்துதான் நின்றேன். அதற்கு நீங்கள் என்ன பெயர் வைத்தாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

கீழே டர்போ எழும் சத்தம் கேட்டது. ஒரு கணம் எனக்கே மயிர் கூச்செறிந்தது. பிறகு சட்டென்று சத்தம் அடங்கியது. காலை எடுத்துவிட்டார். நல்ல டயராக இருந்தால் கிறீச்சிடும். இறுகிப்போன டயர் ஈரத்தில் சத்தமே போடாது. வேலி முறியும் சத்தம் மட்டும் வந்தது.

மாப்பிள்ளை அங்கேயே போய்விட்டார். தங்கைக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை, இனி வராது என்கிறார்கள். நேற்று அறிக்கையை வாசித்துவிட்டு நேராக அவளிடம்தான் போனேன். என்னைக் கண்டதும் அழுதாள். “அண்ணா, அவர மன்னிச்சிடுண்ணா. உன் கார ஒடச்சிட்டாரே. நீ அத எப்படி வெச்சிருந்தன்னு எனக்குத் தெரியும்ணா” என்றாள். நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். “பரவால்லம்மா, மன்னிச்சிட்டேன்” என்றேன். அதைக் கேட்ட பிறகுதான் அவள் தூங்கினாள்.

டயர் மாற்றியது, அழுத்தம் ஏற்றியது, மழைக்குக் காத்திருந்தது எல்லாம் நான்தான். காரின் மேல் ஒரு குறையும் இல்லை, அதைத் தெளிவாக எழுதுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு வேண்டுகோள். அந்தப் பதிவின் கடைசிப் பகுதியை இன்னொரு முறை போடுங்கள். ‘ஓட்டுநரின் மரண ஓலம்’ என்று எழுதியிருக்கிறீர்கள், அதுவும் சரியில்லை. அந்தக் காரில் எல்லாருக்கும் முதலில் அப்படித்தான் வரும். நன்றாகக் கேளுங்கள் ஐயா, இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் அது சிரிப்பாக மாறியிருக்கும்.