கடைக் கணினியில் தானாகத் திறந்த சூதாட்டப் பக்கம்

என் பெயர் பிரேமலா, தந்தை பெயர் காளிதாசன், வயது 36, முகவரி திகாம் பத்து என்னும் ஊரின் கடைவீதி. அங்கே நகலெடுக்கும் கடை வைத்திருக்கிறேன். பக்கத்துத் தோட்டக் குடியிருப்புப் பிள்ளைகள் பள்ளிப் பாடங்களை அச்செடுக்க என் கடைக்குத்தான் வருவார்கள்.

சென்ற வியாழக்கிழமை மாலை, மாணவிகள் நிற்கும்போதே கணினித் திரையில் சூதாட்டப் பக்கம் ஒன்று திறந்தது. மூடினேன். மீண்டும் திறந்தது. பக்கத்து மளிகைக் கடைக்காரர் அய்யாவு அதைப் பார்த்துவிட்டு, இங்கே இணையச் சூதாட்டம் நடப்பதாகப் புகார் கொடுத்தார். அதன் பிறகு போலீசார் கணினியை எடுத்துக்கொண்டு கடையை மூடச் சொன்னார்கள். மறுநாள் என்னைக் கண்ட தாய்மார்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விட்டார்கள்.

அதன் பிறகு போலீஸ் நிலையத்தில் சார்ஜன் பதவியில் உள்ள அதிகாரி புவனேசன் விசாரித்தார். அவர் முன்னிலையில் கணினியைத் திறந்து பார்த்தபோது, நான் பதிவிறக்காத மென்பொருள் ஒன்று இருந்தது. பாட்டில் வேண்டிய பகுதியை மட்டும் வெட்டி எடுக்கும் இலவச மென்பொருள். சார்ஜன் புகார் கொடுத்த அய்யாவுவை வரவழைத்து, அதை யார் போட்டது தெரியுமா என்று கேட்டார்.

அய்யாவு, "ஆமா சார், மக கல்யாணத்துக்குப் பாட்டு வெட்ட நாந்தான் போட்டேன். பிரேமலா என்னைக் கடைய பார்த்துக்கச் சொல்லிட்டு பேங்க் போயிருந்துச்சு. நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு அமுக்குனேன் லா, வேற ஒண்ணும் செய்யல" என்றார்.

அதன் பிறகு சார்ஜன் ஒரு பழைய மடிக்கணினியைக் கொடுத்தார். அதில் அதே மென்பொருளை அய்யாவு செய்தபடியே நிறுவினேன். அதோடு சேர்ந்து கேட்காத வேறு மென்பொருளும் ஏறிக்கொண்டது; சற்று நேரத்தில் அதே சூதாட்டப் பக்கம் வந்தது. எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, அடுத்த முறை அய்யாவுவையே உட்காரச் சொன்னேன்.

"அவசரப்படாதீங்கண்ணே. 'கஸ்டம்'னு, நாமளே பார்த்துத் தேர்ந்தெடுக்கற வழி இருக்கு பாருங்க, அத அமுக்குங்க. கீழ பொடி எழுத்துல டிக் போட்டு வச்சிருக்கான், அதெல்லாம் எடுங்க. வேற சாமான் வேணுமான்னு கேட்டா, வேணாம்னு கொடுங்க" என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தார். பாட்டு வெட்டும் மென்பொருள் மட்டும் நிறுவப்பட்டது. தேநீர் குடித்து முடிக்கும்வரை மூவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எந்தப் பக்கமும் திறக்கவில்லை. சார்ஜன் சிரித்தார்.

அதன் பிறகு கணினியை என்னிடம் ஒப்படைத்தார்கள். என்னைத் தூக்க விடாமல் அய்யாவுவே அதைச் சுமந்து வந்தார். கடைவீதியில் ஒவ்வொரு கடை முன்பும் நின்று, "தப்பு நான் செஞ்சது. இந்தப் புள்ள மேல ஒண்ணும் இல்ல" என்று சொன்னார். நான் தலை நிமிர்ந்து அவர் பக்கத்தில் நடந்தேன். அன்று மாலையே கடையைத் திறந்தேன். அச்செடுக்க வந்தவர்களின் வரிசை மளிகைக் கடை வாசல் வரை நின்றது.

இங்கே எழுதப்பட்டதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னது இதுவே, நடந்ததும் இதுவே. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
கா. பிரேமலா