பதினெட்டு அடி சாக்கடை

— கையெழுத்தெல்லாம் இப்பக் கெடையாது. மெம்பரு சாப்பிட்டுக்கிட்டு இருக்காக. வெளிய போயி நில்லு.

— ஆத்தா, வெளையாடாத. மெம்பரே நீதான்.

— அதத்தான் நானும் சொல்றேன். மனுக் குடுக்க வந்தவுக வாசல்ல செருப்பக் கழட்டிட்டு நிக்கணும். நீ என்னடான்னா அடுப்படி வரைக்கும் வந்து நிக்கிறே.

— இது நம்ம வீடு!

— மூணாவது வார்டு மெம்பரு வீடு. அது ஆரு ஒம் பின்னாடி? முன்னால வா தாயி.

— நான் பவித்ரா, மெம்பரம்மா. மனோஜ் கூட பி.காம்., மூணாம் வருஷம். எங்க வீடு மேல, போடிமெட்டு தாண்டி மலையாளத்துப் பக்கம் எஸ்டேட்ல. கேம்புல பொண்ணுங்களுக்கு நான்தான் லீடர், கேட்டோ. கேம்ப நடத்துற பால்ராஜ் சார் இந்த ஃபாரத்தக் குடுத்து விட்டார்.

— நீ உள்ள வந்து உக்காரு. இவன் நிக்கட்டும். என்ன ஃபாரம்?

— ஏழு நாள் என்.எஸ்.எஸ். கேம்பு இன்னைக்கு முடியுதுல்ல? மனோஜ் ஏழு நாளும் ஊருக்குச் சேவை செஞ்சான்னு பஞ்சாயத்துல ஒருத்தர் கையெழுத்து வேணும். தலைவர் மதுரைக்குப் போயிட்டாராம். மெம்பர் போட்டா மதி, அது போதும்னு சார் சொல்லிட்டார்.

— அஞ்சு மணிக்குக் காலேசு பஸ்சு கெளம்பிரும் ஆத்தா. இப்பவே ரெண்டரை. வெரசாப் போட்டு விடு. காலையில மத்த முப்பத்தொம்பது பேருக்கும் வரிசையாப் போட்டேல்ல?

— போட்டேன். அவுக வேலை செஞ்சத இந்தக் கண்ணால பாத்தேன், போட்டேன். ஒன்னோடதுலயும் ஏழு நாளும்னு எழுதியிருக்கே? செவ்வா, புதன், வியாழன் மத்தியானம் நீ எங்க அப்பு இருந்தே?

— வேலையிலதான்.

— எங்க?

— இந்த ஏரியாவுலதான்.

— ஏரியாதான். என் வீட்டு ஃபேனுக்கு அடியில. அயிரை மீன் கொழம்ப ஊத்தி மூணு தட்டுத் தின்னுட்டு, நாலு மணி வரைக்கும் கொறட்டை.

— நீதான ஆத்தா சோறு போட்டே! இன்னொரு கரண்டி ஊத்திக்கன்னு நீதான சொன்னே!

— சோறு போட்டது ஆத்தா. இப்பக் கேக்குறது மெம்பரு. ரெண்டு பேரையும் போட்டுக் கொழப்பாத.

— நான் சிரிக்கல, மெம்பரம்மா.

— நல்லாச் சிரி தாயி. இந்த வீட்டுல சிரிக்கிறதுக்கு அவன் ஒருத்தந்தான் இருக்கான்.

— ஒரே ஒரு கையெழுத்து ஆத்தா. அதப் போட்டா ஒனக்கு என்ன கொறைஞ்சு போயிரும்?

— ஒம்பது ஓட்டுல ஜெயிச்சவ நான். ஒம்பதே ஒம்பது! பெத்த மகனுக்குப் பொய்க் கையெழுத்துப் போட்டான்னு வெளிய தெரிஞ்சா, தோத்துப்போன முத்துப்பாண்டி நாளைக்கே ஆட்டோவுல மைக்கக் கட்டிருவான். சரி, நாங் கேக்குறேன், இது இல்லாட்டி என்னதான் ஆகும்? பரீட்சையெல்லாம்தான் எழுதிட்டேல்ல?

— டிகிரி தர மாட்டாங்க.

— சாக்கடை அள்ளாட்டி பி.காம். கெடையாதா? நல்ல கூத்தா இருக்கே.

— அது இப்படி, மெம்பரம்மா. டிகிரில அஞ்சு பகுதி இருக்கு. ஒண்ணு தமிழ். ரெண்டு இங்கிலீஷ். மூணுதான் எங்க அக்கவுண்ட்ஸ், வணிகம் எல்லாம். நாலுல சுற்றுச்சூழல், நெறிக்கல்வி, அப்புறம் வேற டிபார்ட்மெண்ட் பாடம் ஒண்ணு. அஞ்சாம் பகுதி இந்தச் சேவை. அதுக்குக் கேள்வித்தாள் கெடையாது. போய்ச் செய்யணும். அஞ்சுல ஒண்ணு இல்லேன்னாலும் பட்டம் இல்ல, கேட்டோ.

— அநியாயம் ஆத்தா! கணக்குப் படிக்க வந்தவன் கணக்கு மட்டும் படிச்சாப் போதாதா? கோயமுத்தூர்க் கம்பெனியில வேலை ரெடியா இருக்கு. ஜூன் மாசம் டிகிரியக் காட்டுன்னுதான் சொன்னான். மம்பட்டி புடிக்கத் தெரியுமான்னு கேக்கல.

— வேற டிபார்ட்மெண்ட் பாடம்னு சொன்னியே தாயி, அதுல இவன் என்ன படிச்சான்?

— ஊட்டச்சத்து. நல்ல மார்க்கு.

— அடப்பாவி, அதானா! ஒரு வாரமா எந் தட்டப் பாத்துப் பாத்து, மாவுச்சத்து ஜாஸ்தி, புரதம் கம்மின்னு பொலம்பிக்கிட்டு இருந்தான். வெந்நி வைக்கத் தெரியாது, வைத்தியம் சொல்றான். நீ என்ன படிச்சே?

— நான் மேல மலையாளம் மீடியம்ல படிச்சவ. அதனால எனிக்கு அடிப்படைத் தமிழ். அ, ஆவுல ஆரம்பிச்சு.

— பாஸா?

— தொண்ணூத்தி ஒண்ணு.

— இவன் தமிழுல எம்புட்டு?

— ஆத்தா, இப்ப அதுவா முக்கியம்?

— நாப்பத்தி ஒண்ணு. ரெண்டாம் தடவைல.

— பவித்ரா! நீ எனக்குத் தொணைக்கு வந்தியா, போட்டுக் குடுக்க வந்தியா?

— மெம்பரம்மா கேட்டா சொல்லாம இருக்க முடியுமா எடா?

— எதுலயாச்சும் நல்ல மார்க்கு வாங்கியிருக்கானா தாயி?

— சுற்றுச்சூழல்ல எழுபத்தி ரெண்டு ஆத்தா! நானே சொல்றேன். கழிவுநீர் மேலாண்மைன்னு பத்து மார்க்குக் கேள்வி. நாலு பக்கம் எழுதினேன். படம் வேற போட்டேன்.

— படம் போட்டியா! அப்ப வெளிய வா ராசா. நீயும் வா தாயி. இந்தா பாரு, நடுத்தெரு. ராஜாத்தி வீட்டு முன்னால சாக்கடை எப்பிடி இருக்கு?

— க்ளீனா இருக்கு.

— பொன்னுமணி வீட்டு முன்னால?

— க்ளீன்.

— மொக்கம்மா வீட்டு முன்னால?

— ஆத்தா, பஸ்சுக்கு மணியாகுது.

— பேச்ச மாத்தாத. தெருத் தண்ணி பூராவும் எவ வாசல்ல வந்து தேங்கி நிக்கிது?

— நம்ம வாசல்ல.

— இது ஆரு பங்கு?

— ஆளுக்குப் பதினெட்டு அடின்னு சார் பிரிச்சுக் குடுத்தார், மெம்பரம்மா. மனோஜுக்கு விழுந்தது இந்த இடம்தான்.

— எல்லாப் பிள்ளைகளும் அடுத்தவுக வாசல அள்ளியிருக்குக. இவனுக்கு மட்டும் சொந்த வாசல். அதையும் தாண்டி உள்ள வந்து படுத்திருக்கான். தண்ணி தேங்குற சத்தம் தாலாட்டு மாதிரி இருந்துச்சோ என்னமோ. அந்தா மம்பட்டி. இந்தா சட்டி. கல்லுலருந்து கல்லு வரைக்கும் பதினெட்டு அடி. அள்ளி முடி, கையெழுத்து வாங்கு.

— ரெண்டரை மணி நேரத்துலயா?

— பேசிக்கிட்டே நின்னா ரெண்டு மணி நேரந்தான் இருக்கும்.

— நானும் சட்டி புடிக்கட்டா மெம்பரம்மா?

— தொடாத. ஒம் பங்க நீ அன்னிக்கே முடிச்சுட்ட. இங்கன வந்து நெழலுல உக்காரு. ம்... எறங்கு அப்பு. கைலிய மடிச்சுக் கட்டு. அந்த நாலு பக்கத்துல மொதப் பக்கம் என்ன எழுதினே? சொல்லிக்கிட்டே அள்ளு.

— நாத்தம் கொடலப் பெரட்டுது ஆத்தா!

— அதையும் எழுதினியா?

— ஒன்று, திடக்கழிவுகளை உருவாகும் இடத்திலேயே தரம் பிரிக்க வேண்டும்.

— நல்ல பதிலு. அந்தா பிளாஸ்டிக் கவரு, தேங்காச் செரட்டை. தனித்தனியாப் போடு. ரெண்டு?

— இரண்டு, கழிவுநீர் தேங்காதவாறு சீரான சரிவு... ஆத்தா, ராஜாத்தி சித்தி போனுல வீடியோ எடுக்குது!

— எடுக்கட்டும். வேலை செஞ்ச போட்டோ ரெண்டு ஒட்டணும்னு ஃபாரத்துலயே இருக்கு. ஏ ராஜாத்தி, மொகம் தெளிவா விழுற மாதிரி எடு! சரிவு எங்க இருக்குன்னு சொல்லு அப்பு.

— படத்துல அம்புக்குறி போட்டிருந்தேன்.

— இங்க அம்புக்குறி இல்ல. கையால மண்ணத் தடவிப் பாரு. எந்தப் பக்கம் பள்ளம்?

— இந்தப் பக்கம்... இல்ல. அடேங்கப்பா. அந்தப் பக்கம்.

— எழுபத்தி ரெண்டு மார்க்கு!

— மெம்பரம்மா, மதி. அவன் அழுதிருவான்.

— அழ மாட்டான். பாரு, கோவத்துல எம்புட்டு வேகமா அள்ளுறான். சின்ன வயசுல இருந்தே இப்பிடித்தான்.

— முடிஞ்சிருச்சு ஆத்தா! மணி நாலேகால். வந்து பாரு, தண்ணி ஓடுது.

— கல்லுக்கு அடியில கொஞ்சம் ஒதுங்கிக் கெடக்கு.

— அது ஒரு கை மண்ணு!

— இருவது வருசமா போடியில ஏலக்காய் பொறுக்கித் தரம் பிரிக்கிற கண்ணுடா இது. பத்து மூடைக்குள்ள ஒரு சொத்தைக் காய் கெடந்தாலும் தப்பாது. ம், எடு. இப்பச் சரி. போயி கை கால நல்லாக் கழுவு. டீ போட்டாறேன்.

— பவித்ரா, மணி என்ன?

— நாலு இருபது. பயப்படாத. பஸ் ஸ்கூல் வாசல்லதான் நிக்குது. ஆனா ஒண்ணு சொல்லட்டா? நீ அள்ளினப்புறம்தான் என் பங்குலயும் தண்ணி ஓடுது. நாலு நாளா அங்கயும் தேங்கித்தான் கெடந்துச்சு.

— நீயும் ஆரம்பிச்சிட்டியா?

— இந்தாங்க டீ. குடி தாயி. ஏலக்காய் தட்டிப் போட்டிருக்கேன். மகன் மலையிலருந்து கொண்டாந்த காயி. போன வருசக் கேம்புல தோட்டத்து ஆளுக ஆசையாக் குடுத்தாகளாம். கால் கிலோ. டப்பாவுல பத்தரமா வச்சிருக்கேன், விருந்தாளி வந்தா மட்டுந்தான் எடுப்பேன்.

— போன வருஷக் கேம்புலயா? ஆனா மெம்பரம்மா, அது எங்க...

— பவித்ரா, டீ ஆறுது! குடி!

— என்னடா, புள்ளைய ஏன் வெரட்டுறே? இருங்க, உள்ள போயி கண்ணாடிய எடுத்தாறேன். கண்ணாடி இல்லாம கையெழுத்துப் போட்டா கோணலாப் போகும்.

— எடா மனோஜ்! போன வருஷக் கேம்பு எங்க எஸ்டேட்ல. ஏழு நாளும் சோறு விளம்பினது நான். நீ வரவேயில்லையே!

— கத்தாத. தேனியில ஃப்ரெண்டு சின்ராசு ரூம்ல இருந்தேன். அந்த ஏழு நாளு போனதாலதான் இந்த வருசம் எனக்கு லாஸ்ட் சான்ஸ்.

— அப்ப இந்த ஏலக்காய்?

— போடி பஸ்ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில வாங்கினது. சந்தேகம் வந்துரக் கூடாதுன்னு இருக்குறதுலயே ஒண்ணாம் நம்பர் காயாக் கேட்டு வாங்கிட்டு வந்தேன்.

— பாவம் மெம்பரம்மா. விருந்தாளிக்குன்னு எடுத்து வச்சிருக்காங்க. உனக்கு வெக்கமா இல்லையா?

— இருக்கு. இன்னிக்குத்தான் ரொம்ப இருக்கு. டிகிரி கைக்கு வரட்டும், நானே சொல்லிர்றேன். சத்தியமா.

— என்னடா சத்தியம்?

— ஒண்ணுமில்ல ஆத்தா. கண்ணாடி கெடைச்சிருச்சா?

— கெடைச்சிருச்சு. ஃபாரத்தக் குடு தாயி. இதுல குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கே, அதுலதான் எழுதணும். ம்... ம்... ஆச்சு. தமிழுல தொண்ணூத்தி ஒண்ணு வாங்குனவ, நீயே சத்தமாப் படி.

— 'மாணவர் மனோஜ் மூன்று நாள் பிற்பகல் முகாம் வேலைக்கு வரவில்லை. தன் பங்கான பதினெட்டு அடி சாக்கடையை ஏழாம் நாள் தனி ஆளாக அள்ளி முடித்தார். நேரில் பார்த்தேன். மொக்கம்மாள், மூன்றாவது வார்டு உறுப்பினர்.'

— ஆத்தா! வரலன்னு எதுக்கு எழுதினே? சார் ஒத்துக்குவாரா?

— ஒத்துக்குவார் எடா. அவன் பங்கு முடிஞ்சிருச்சுன்னு மெம்பர் எழுதினா எனிக்கு வேற ஒண்ணும் வேண்டாம்னு சார் என்கிட்டயே சொன்னார். பணி முடிஞ்சது. உனக்கு டிகிரி உண்டு.

— அப்பாடா!

— குதிக்காத, அழுக்குத் தெறிக்கிது. தாயி, இந்தப் பேனாவ அந்த நீல ஃபைலுக்குள்ள வச்சிரு.

— வச்சிட்டேன். மெம்பரம்மா, இதுக்குள்ள எங்க பிரின்சிபாலுக்கு ஒரு லெட்டர் இருக்கே?

— அது பழைய நகலு. மூடி வையி.

— குடு பவித்ரா, பாக்கலாம். 'எங்கள் வார்டில் அடுத்த ஆண்டு மாணவர் முகாம் நடத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். எந்த மாணவருக்கு எந்த இடம் என்பதை நானே பிரித்துத் தருகிறேன்.' ஆத்தா... அப்ப என் பங்கு நம்ம வாசல்ல விழுந்தது?

— விழல அப்பு. வச்சேன்.

— எடா, தேதியப் பாரு. போன வருஷக் கேம்பு முடிஞ்ச மறுநாள்!

— மறுநாளா? அன்னிக்குக் காலையிலதான நான் தேனியிலருந்து... மலையிலருந்து வந்து எறங்குனேன்!

— தேனியா, மலையா? ஒண்ணச் சொல்லு.

— ஆரு ஆத்தா ஒங்கிட்டச் சொன்னது? பால்ராஜ் சாரா? சின்ராசா?

— ஏலக்காயிதான் சொல்லுச்சு. தோட்டத்து ஆளுக ஆசைக்கு அள்ளிக் குடுத்தா பெருசு, சிறுசு, வெடிச்சதுன்னு எல்லாம் கலந்துதான் இருக்கும். நீ குடுத்த கால் கிலோவும் ஒரே பருமன், ஒரே பச்சை. நாலு நாளு முதுகு ஒடிய ஒக்காந்து நான் பொறுக்கிப் போடிக் கடைக்குப் போட்ட காய, எனக்கே கொண்டாந்து குடுத்திருக்கே அப்பு.