காட்டுமிராண்டி என்று நான் சொன்ன தேனீ

தேவாலயத்தின் கீழ்த்தளத்தைச் சித்திரைப் புத்தாண்டுப் பந்தலாக்கித் தலைமையேற்றிருக்கும் சிவநேசம் ஆசிரியர் அவர்களே, பார்க் எக்ஸ்டென்ஷன் படிகளில் பனி வழுக்கியும் இறங்கி வந்த பெரியோர்களே, பிள்ளைகளைத் தோளில் தூக்கியபடி நிற்கும் தாய்மார்களே, யாழ்ப்பாணம் மட்டக்களப்பு என்று பாராமல் ஒரே வாங்கில் நெருங்கியிருக்கும் உறவுகளே, உங்கள் அனைவர்க்கும் என் வணக்கம்.

வாழ்த்துச் சொல்லத்தான் என்னை அழைத்தார்கள். வாழ்த்து வாயில் வரவில்லை. இன்னும் ஐந்து கிழமையில் அப்பிள் பூக்கும். பூக்கும், ஆனால் காய்க்குமா? அதுவே என் கேள்வி, அதுவே என் கலக்கம், அதுவே பதினான்கு குடும்பங்களின் அடுப்பு.

ரூஜ்மோன் மலையடியில் முசியே ஜெர்வே என்ற பிரெஞ்சுக்கார முதலாளியின் அப்பிள் தோட்டத்தில் நாங்கள் பதினான்கு பேர் வேலை செய்தோம். அப்பிளைப் பிழிந்து, பீப்பாயில் புளிக்க வைத்து, சைடர் என்னும் பானம் செய்கிறவர் அவர். என்ன அண்ணை, பின்னுக்கிருந்து கேட்கிறியள்? கள்ளுத்தானோ? ஓம் அண்ணை, கள்ளுக்கு ஒன்றுவிட்ட தம்பி. பனை ஏறத் தேவையில்லை, அவ்வளவுதான்.

போன வைகாசியில், மொட்டு விரிகிற நேரம், வேலியோர மண்மேட்டில் சின்னச் சின்னத் துளைகளைக் கண்டோம். துளைக்கொரு தேனீ தலை நீட்டியது. முசியே அதைக் காட்டி நீளமாக ஏதோ சொல்லிவிட்டு வெளியே போனார். மூன்று மாதம் பிரெஞ்சு படித்த மேதை நான்தானே? எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். எனக்குப் பிடிபட்டது ஒரே சொல்: சொவாஜ். ஆங்கிலத்துச் சாவேஜ்தான் இது என்று ஆங்கிலம் படித்த திமிரில் முடிவு கட்டினேன்.

"தம்பி எமிலியானுஸ், இது காட்டுமிராண்டித் தேனீயாம். கொட்டினா ஆள் தப்பாது. அடைக்கச் சொல்லுறார்" என்றேன், எங்களோடு வேலை செய்த மட்டக்களப்புப் பெடியனிடம்.

"அண்ணன், வடிவாக் கேட்டீங்களா? அந்த மனிசன் சிரிச்சிக்கிட்டுத்தானே சொன்னார்" என்றான் அவன்.

கேட்டேனா? நான் கேட்கவில்லை. சைடர் அறை பூச வைத்திருந்த சீமெந்தைக் குழைத்து, முசியே திரும்பி வருமுன் மேட்டை அவன் கையால் பூசுவித்தேன். வேலை சுத்தம் என்று மெச்சியும் கொண்டேன்.

பூத்த பத்து நாளும் மழையும் கூதலும். மகரந்தம் சேர்க்க வாடகைக்கு லொறியில் வந்த வளர்ப்புப் பெட்டித் தேனீக்கள் வெளிக்கிடவே இல்லை. அந்தக் கூதலிலே பறப்பது யார்? தூறலிலே பறப்பது யார்? பெட்டியும் கேளாமல், சீனிப்பாகும் கேளாமல் பூவுக்குப் பூ மகரந்தம் சுமப்பது யார்? நாங்கள் பூசி மூடிய அதே தேனீ.

புரட்டாதியில் அப்பிளை வெட்டினால் ஏழெட்டு விதை இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றோ இரண்டோ. ஒரு பக்கம் வீங்கி, மறு பக்கம் சூம்பி. இதோ, ஒன்று கொண்டுவந்திருக்கிறேன். தலைவர் பிடித்துப் பார்க்கட்டும். பீப்பாய்கள் பாதி வெறுமை. ஐப்பசியில் ஐந்து பேருக்கே வேலை. இந்த வருடமும் இப்படியானால் மரங்களைத் தறித்துவிடுவேன் என்கிறார் முசியே.

சீமெந்தைக் கண்ட அன்று, யார் செய்தது என்று அவர் கேட்டார். எல்லாரும் எமிலியானுஸின் கையைப் பார்த்தார்கள். சபையோரே, நானும் பார்த்தேன். இந்த வருடம் வேலைக்கு அழைத்தவர்களில் அவன் பெயர் இல்லை. மட்டக்களப்பான் கெடுத்தான் என்று கடைவாசலில் உங்களில் சிலர் பேசியபோதும் நான் வாய் திறக்கவில்லை. அவனும் திறக்கவில்லை. சீமெந்து அவன் கையில். பிழை என் நாக்கில்.

பிறகுதான் அகராதியைப் புரட்டினேன். சொவாஜ் என்றால் ஒருவரும் வளர்க்காமல் தானே பிழைப்பது. நாங்கள் இங்கே வேறென்ன?

மேட்டின் மறுபக்கத்தில் சீமெந்து எட்டாத ஒரு முழ மண் மிஞ்சியிருக்கிறது. வேலைக்குப் போகிறவர்களே, அதை மிதிக்காதீர்கள், கொத்தாதீர்கள், அருகில் பூக்கும் மஞ்சள் பூவையும் வெட்டாதீர்கள். ஒரு வருடமாவது சுத்தம் செய்யாமல் இருங்கள். அதில் எத்தனை உயிர் இருக்கிறதோ, எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை காலை முசியேயிடம் உண்மையைச் சொல்லப்போகிறேன். என் வேலை போகலாம். எமிலியானுஸ், கடைசி வாங்கில் இருக்கிறாய், தெரிகிறது. தோட்டத்துக்குப் போகும் வான் வண்டியில் நீயும் ஏறு. பிரெஞ்சில் நான் சொல்லுகிறேன். அவர் முகத்தை நீ பார். அன்றும் சரியாகப் பார்த்தவன் நீதான்.

வாழ்த்துக்கு வந்து என் குற்றத்தைக் கேட்டிருந்த சபைக்கு நன்றி. புத்தாண்டு எல்லாருக்கும் காய்க்கட்டும். வணக்கம்.