மூன்றாம் தெருத் தண்ணீர்

சகலமானவர்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: நமது குப்பைமேட்டின் கசிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் நாற்பத்தொரு மாதமாக ஒரு பரிசோதனையில்கூடத் தோற்றதில்லை. கேடயம் கொடுத்திருக்கிறார்கள். என் மேசைமேல் இருக்கிறது. பேனா சாய்த்துவைக்க வசதி.

அந்தச் சாதனையைச் செய்தவன் நான். ஐயா எழுதிக்கொள்ளுங்கள். நான் நின்றுகொண்டே சொல்கிறேன். உட்கார்ந்தால் கால் பரபரக்கிறது.

குப்பை மக்கி, மழையில் ஊறி, அடியில் கறுப்பாக வடியும். நாங்கள் அதைக் கஷாயம் என்போம். அதைத் தொட்டியில் தேக்கி, காற்றூட்டி, வடிகட்டியில் செலுத்தி, தெளிந்தபின் வாய்க்காலில் விடுவது என் வேலை. திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டியவர், இந்த நீரில் மீன் வளர்க்கலாம் என்றார். நான்காம் மாதம் வடிகட்டி அடைத்துக்கொண்டது. புதிது கேட்டு எழுதினேன். மேலாளர் கூப்பிட்டார்.

"வடிகட்டியக் கட்டிக்கிட்டு ஏம்ப்பா அழற? ரிப்போர்ட் சுத்தமா வந்தாப் போதாதா?"

போதும் என்றுதான் எனக்கும் பட்டது. அதன்பின் கஷாயம் அப்படியே வாய்க்காலுக்குப் போயிற்று. திங்கட்கிழமைதோறும் ஆய்வகத்துக்குப் போகும் பாட்டிலில் மட்டும் ஒரு பங்கு கஷாயம், முப்பது பங்கு கிணற்று நீர். ஒரு எண்ணைக்கூட நான் திருத்தியதில்லை. தண்ணீரைத்தான் திருத்தினேன்.

வாய்க்காலை ஒட்டிய முதல் தெருக் கிணறு பதினோரு மாதம் உழைத்தது. பிறகு ஒரு திங்கட்கிழமை, கலந்த பின்னும் உப்பளக்கும் மீட்டரில் எண் எகிறியது. கிணற்று நீரைத் தனியாக அளந்தேன். குறை என் கலவையில் இல்லை. இரண்டாம் தெருவுக்குப் போனேன். அது ஒன்பது மாதம் தாங்கியது. அடுத்தது மூன்றாம் தெரு, என் அக்கா வீடு.

"எங்க தண்ணி அவ்ளோ ஒசத்தியாடா? ஆபீசுக்கே போகுதே!"

பக்கத்து வீட்டுக்காரியிடமும் பீற்றிக்கொண்டாள். கேனை அவளே கழுவி, விளிம்புவரை நிரப்பித் தருவாள்.

ஏழாம் மாதம் அங்கேயும் எண் ஏறியது. நான்காம் தெருவுக்கு மாறினேன்.

சொல்லியிருக்கலாம். சொன்னால், உனக்கெப்படித் தெரியும் என்பாள். வருடாந்தர ஆய்வு முடியட்டும் என்றிருந்தேன். முடிந்தது, கேடயம் வந்தது, கேடயம் வந்தபின் சொல்வது இன்னும் கஷ்டம். ஞாயிறுதோறும் போவேன். வாசலில் நின்றபடியே பேசிவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

"வந்தா ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேங்கற. கால்ல என்ன வெந்நீரா ஊத்திக்கிட்டு வந்த?"

"இப்பதான்க்கா குடிச்சேன்."

முதலில் அவளுக்கு உடம்பெல்லாம் அரிப்பு. பிறகு வயிறு. மருத்துவர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அக்கா சொன்ன பேச்சு கேட்பவள். குடித்தாள். பிறகு சிறுநீரகம் இரண்டும் நின்றன.

என் குடும்பத்துக்கு நான் ஒரு கெடுதலும் நினைத்தவனில்லை. ஆஸ்பத்திரிக்கு நாயாய் அலைந்தது நான். எடுத்துப்போட்டுக் காரியம் பார்த்தது நான். துக்கத்துக்கு வந்தவர்களை நிழலில் உட்காரவைத்து, அந்தக் கிணற்றுத் தண்ணீரைத் தம்ளர் தம்ளராக மொண்டு கொடுத்ததும் நான்.

எனக்குத் தாகமில்லை.