மூன்றாம் கேள்வியில் அழ வேண்டிய இடம்

— மதர், முட்டி ரெண்டும் கழண்டு விழுந்துடும்போல இருக்கு. விடிஞ்சதுலேருந்து நிக்கிறேன். வயிறு வேற முதுகோட ஒட்டிக்கிச்சு. சமையக்கட்டுலேருந்து பூண்டுச் சோறும் காய்ஞ்ச மீனும் வாசம் அடிக்குது.

— தியானத்துக்கு வந்த இடத்துல வயித்தைப் பத்திப் பேசுற ஒரே ஆளு நீதான், ஜோனலின். உங்கம்மா கரும்பு வெட்டப் போன காலத்துல சாப்பிட்டுட்டா போனா? நேரா நில்லு, மகளே. நாளைக்குப் பட்டமளிப்புப் பூசையில பிஷப் முன்னால இப்படிக் கோணிக்கிட்டு நிப்பியா? தியானத்துக்குக் குடுத்த தாள்ல மூணாவது கேள்வியிலேருந்து வாசி.

— கேள்வியையும் சேத்தா?

— பின்னே? நாம என்ன கேட்டோம்னு பிஷப்புக்குத் தெரிய வேணாமா?

— "இந்த வருடம் உலகத்தில் நடந்த துயரங்களில் கடவுளின் முகத்தை எங்கே கண்டாய்?" பதில். "என் அம்மா தேலியா பெய்ரூட்டில் ஒரு வீட்டில் வேலை செய்கிறார். சண்டை வந்ததும் வீட்டுக்காரர்கள் காரில் ஏறிப் போய்விட்டார்கள். நடக்க முடியாத கிழவியையும் என் அம்மாவையும் உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிக்கொண்டு போனார்கள்."

— "பூட்டிக்கொண்டு" வேணாம். "விட்டுவிட்டு"ன்னு மாத்து.

— பூட்டினதுதான் மதர். சாவியையும் கொண்டுபோயிட்டாங்க. அம்மாவே போன்ல சொன்னாங்க.

— பூசையில பூட்டு சாவியெல்லாம் எதுக்கு? மேல வாசி.

— "என் அம்மா நினைத்திருந்தால் ஜன்னல் வழியாக இறங்கி ஓடியிருக்கலாம். கிழவிக்கு யார் கஞ்சி ஊட்டுவது என்று இருந்துவிட்டார்."

— இங்க அழாதே.

— அழலியே மதர். மூக்கை உறிஞ்சினேன்.

— அடுத்த வரியில அழு. இங்கயே அழுதா அடுத்த வரி யார் காதுலயும் விழாது. அமெரிக்காவுலேருந்து வர்ற பழைய மாணவிங்க முன்வரிசையில உக்காந்திருப்பாங்க. பள்ளிக்கூடத்துக்கு மாடி எடுக்கப் பணம் குடுக்கலாமா வேணாமான்னு யோசிச்சுக்கிட்டிருக்காங்க. அவங்களுக்குக் கேக்கணும்.

— மதர், என் போனை ஒரே ஒரு தடவை தாங்களேன். அந்தக் கூடையிலதானே கிடக்கு. அம்மா பேசி நாளாச்சு.

— தியானம் முடியிற வரைக்கும் யாருக்கும் போன் கிடையாது. உனக்குக் குடுத்தா வகுப்பே கையை நீட்டும்.

— சேதி ஏதாவது வந்திருக்கான்னு பாத்துட்டுத் தந்துடுறேன்.

— வந்தா நான் சொல்ல மாட்டேனா? போ, குழாயில தண்ணி குடிச்சிட்டு வா, தொண்டை கம்முது. சிஸ்டர் லிகாயா, அந்த மைக்கைக் கொஞ்சம் இறக்கி வை, பொண்ணு குள்ளம். என்ன, ஏன் முறைக்கிறே?

— அவ போயிட்டாளா? மதர், இது அடுக்காது. அவங்கம்மாவை வேலைக்கு அனுப்பின ஏஜென்சிக்காரன் மணிலாவுலேருந்து கூப்பிட்டப்ப போனை எடுத்தவ நான். பூட்டின வீட்டுக்குள்ளயே கட்டடம் சரிஞ்சு அந்தப் பொம்பளை செத்துக் கிடக்கிறா. இங்க அவ பெத்த பொண்ணுக்கு எங்க அழணும், எங்க அழக்கூடாதுன்னு பாடம் நடத்துறீங்க.

— மெதுவாப் பேசு. நாளைக்குப் பூசை முடிஞ்சதும் நானே கட்டிப்பிடிச்சுச் சொல்றேன். ஒரு நாள், லிகாயா. செத்தவளுக்கு ஒரு நாள்ல என்ன குறைஞ்சுடப் போகுது?

— வேற பொண்ணை வாசிக்கச் சொல்லுங்க.

— வேற எவ என்ன எழுதியிருக்கா? புயல். போன வருஷமும் புயல், அதுக்கு முந்தின வருஷமும் புயல். புயலைக் கேட்டு அழுற பிஷப் இந்த நாட்டுல எவருமில்லை.

— அவ மாமனுக்காவது தெரியுமா?

— நானே கூப்பிட்டுச் சொன்னேன். நம்ம அரிசி வண்டியில மூட்டை தூக்கித்தான் அவன் பொழைப்பு ஓடுது. பூசை வரைக்கும் வாயைத் திறக்க மாட்டான். நீயும் திறக்காதே. அடுத்த மாசம் எந்த மடத்துக்கு யாரை மாத்தணும்னு என்னைத்தான் கேப்பாங்க. வந்துட்டா பாரு. வா மகளே, முகத்தைக் கழுவினியா? நல்லது. கடைசியில ஒரு வரி சேத்துக்கோ.

— சொல்லுங்க மதர்.

— "இந்த நிமிடம் என் அம்மா அங்கிருந்து என்னை நினைத்துக்கொண்டிருப்பார்." எழுது.

— நினைச்சுக்கிட்டிருப்பாங்களா?

— பெத்த மனசு வேற எங்க போகும்?

— உங்களுக்கு நல்லாத் தெரியுமா மதர்?

— தெரியும். எழுது.

— அம்மாவைப் பத்திக் கடைசியா என்ன கேள்விப்பட்டீங்க?

— நல்லா இருக்கான்னுதான். ஏஜென்சியில விசாரிச்சேன். கிழவிகூட நல்லா இருக்காளாம்.

— கிழவிகூடவா?

— கிழவிகூடத்தான். கஞ்சி குடிக்கிறாளாம்.

— சிஸ்டர் லிகாயா, நீங்க ஏன் சுவத்தைப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? நீங்களாவது சொல்லுங்க. அம்மா நல்லா இருக்காங்களா?

— எனக்கு... எனக்குத் தலைவலி, ஜோனலின். மதர் சொல்றதைக் கேளு.

— கேட்டியா? எழுதியாச்சா? எங்கே, அந்த வரியை வாசி. ஏன் பேப்பரை மடிக்கிறே?

— மாமா நேத்து இங்க மூட்டை இறக்க வந்தாரு மதர். ஒரு வார்த்தை பேசல. ஆனா துட்டி வீட்டுக்காரங்க குத்திக்கிற கறுப்புத் துணியைச் சட்டையில குத்தியிருந்தாரு. எங்க வீட்டுல செத்துப்போறதுக்கு அம்மாவை விட்டா வேற யாரு இருக்கா? உங்க வாயிலேருந்து வரும், வரும்னுதான் விடிஞ்சதுலேருந்து நின்னேன். நாளைக்கு வாசிக்கிறேன், நீங்க காட்டின வரியிலயே அழுறேன், மாடி எடுத்துக்கோங்க. ஆனா 'உங்கம்மா செத்துட்டா'ங்கிற அந்தச் சேதி நீங்க எனக்குத் தர வேண்டிய கடன், மதர். அது இன்னும் பாக்கி.